கூண்டு வண்டியில் மூன்று நடை

வண்டிக்காரனைப் பார்த்து எங்கே போகிறாய் என்று யாரும் கேட்கலாம். வண்டிக்காரன் யாரையும் எங்கே என்று கேட்கக் கூடாது. எங்கள் தொழிலில் அது ஒரு முறை. பெண் பார்க்கவோ கோர்ட்டு வழக்குக்கோ புறப்படுகிறவர்களை எங்கே என்று கேட்டுவிட்டால் போகிற காரியம் கெட்டுப்போகும் என்பார்கள். அதனால் அச்சார வெற்றிலையைக் கையில் வாங்கும்போது “எம்புட்டுத் தூரம்?” என்று மட்டும்தான் கேட்போம். தூரம் தெரிந்தால் எவ்வளவு வைக்கோல் கட்டுவது என்று தெரிந்துவிடும். வழியை ஏறின பிறகு அவர்களே சொல்வார்கள்; அதற்கு மேல் நமக்கு எதற்கு? அப்பா அப்படித்தான் இருந்தார். நானும் அப்படித்தான் இருந்தேன்.

என்னிடம் இருந்தது ஒரு கூண்டு வண்டி, இரண்டு மாடு. வலத்து மாடு மேளச் சத்தம் கேட்டால் நடுத்தெருவில் படுத்துக்கொள்ளும். கல்யாண ஊர்வலத்துக்கு அதைக் கட்டவே முடியாது. ஆனாலும் காரைக்குடிப் பெரிய வீடுகளில் என் வண்டியைத்தான் கூப்பிடுவார்கள், குலுங்காமல் ஓட்டுவேன் என்று. அந்த வீடுகள் ஒரு தெருவில் வாசல் வைத்து அடுத்த தெருவில் போய் முடிகிறவை. முன்வாசலில் ஆளை இறக்கிவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் பின்வாசலுக்குச் சுற்றிப் போவதற்குள் ஒரு சுருட்டு தீர்ந்துவிடும். அந்த வருஷங்களில் சில வீடுகளைப் பிரித்து விற்கவும் தொடங்கியிருந்தார்கள். கானாடுகாத்தானிலிருந்து ஒரு கதவை ஏற்றி வந்தேன். ஒற்றைக் கதவு, நிலையோடு சேர்த்து ஒரு முழு வண்டிச் சுமை. வழியெல்லாம் ஆட்கள் வெளியே வந்து பார்த்தார்கள். அதைச் சொல்லப் போனால் இது முடியாது. நான் சொல்ல வந்தது தேர்தலைப் பற்றி.

நாங்கள் குடியிருந்தது ஊருணிக் கரையில். ஊரே குடிக்கிற தண்ணீர் அந்த ஊருணி. அதன் வெளிக்கரையில் பதினெட்டுக் குடிசைகள். முதல் குடிசையில் அண்ணனும் மதினியும் எங்கள் ஆத்தாவும். அதை ஒட்டி ஒரு சாய்ப்பில் நானும் என் மாடுகளும். எனக்குக் கல்யாணம் நடக்கவில்லை; அது வேறு கதை. அப்பா செத்தது அந்தக் குடிசையில். நானும் அண்ணனும் பிறந்ததும் அதில்தான். வாசலில் ஆத்தா நட்ட பூவரச மரம் ஒன்று இருந்தது. ஆத்தா ஒரு மழைக்காலத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, அதோடு நடை போயிற்று. பூவரசின் அடியில் சாக்கு விரித்து உட்கார்த்திவிட்டால் பொழுது சாயும்வரை அங்கேயே இருப்பாள்.

அறுபதுகளின் கடைசி என்று நினைவு. ஊருணிக் கரையில் உள்ளதெல்லாம் புறம்போக்கு, பட்டா கிடையாது, நகராட்சி எல்லாரையும் காலி செய்யப் போகிறது என்று பேச்சு வந்தது. ஊருக்கு வெளியே மூன்று மைல் தள்ளி, சரளைக்காட்டில் காலனி கட்டி ஆளுக்கு ஓர் அறை கொடுப்பார்களாம். ஆத்தா அதைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

“என்னைய இங்கேருந்து தூக்குனா நேரா சுடுகாட்டுக்குத்தான் தூக்கணும். நடுவுல எங்கிட்டும் இறக்கக் கூடாது, சொல்லிட்டேன்.”

அண்ணன் அவள் முன்னால் குந்தி உட்கார்ந்து, “உன்னை யாரு தூக்கப்போறா? நான் இருக்கேன்ல,” என்றார். அண்ணன் சந்தையில் மூட்டை தூக்குகிறவர். அவர் சொன்னால் ஆத்தா நம்புவாள்.

அந்தச் சமயத்தில்தான் நகராட்சித் தேர்தல் வந்தது. எங்கள் வார்டில் பெரிய வீட்டு முதலாளி ஒருவர் நின்றார். அடையாளம் தராசு. அவர் கெட்டவர் இல்லை. இன்றைக்கும் அப்படிச் சொல்ல எனக்கு மனசு வராது. ஊர் குடிக்கிற தண்ணீருக்குப் பக்கத்தில் குடிசை இருக்கக் கூடாது, காலனியில் சிமெண்டுச் சுவர், மழை ஒழுகாது என்று அவர் மனதாரச் சொன்னார். எங்கள் கரையிலேயே இரண்டு வீட்டில் அது நல்லதுதானே என்றார்கள்.

பேருக்கு மூன்று நாலு பேர் மனுப் போட்டிருந்தார்களே தவிர, அவரை நிஜமாக எதிர்த்து நிற்க யாரும் இல்லை. ஒருநாள் சாயங்காலம் டீக்கடைப் பாய் அண்ணனைப் பார்த்து, “வாயி மட்டும் இந்த ஊருக்கு அந்த ஊரு நீளுதுல்ல, நின்னு பாருங்களேன்,” என்றார். கிண்டலாகத்தான் சொன்னார். அண்ணன் டீயை வைத்துவிட்டு, “யாரு முன்மொழியறது, நீங்களா?” என்று கேட்டார். பாய்தான் முன்மொழிந்தார். அடையாளம் குடை.

அண்ணனுக்குக் கூட்டத்தில் பேச வரும் என்று அதுவரை எங்களுக்குத் தெரியாது. சந்தை முக்கில் மூட்டை மேல் ஏறி நின்று பேசுவார்.

“ஊருணியில எங்க ஆளுக காலை நனைச்சு யாராச்சும் பாத்திருக்கீகளா? எங்களுக்கும் அதே தண்ணிதான்யா! விடியாம இருக்கையில எங்க பொம்பளைக உங்க வீட்டு வாசல் தெளிக்க வந்துர்றாக. மூணு மைலுக்கு அங்குட்டுக் கொண்டுபோய் வச்சா எந்நேரம் வருவாக, எந்நேரம் கஞ்சி காச்சுவாக? ஒரு வீட்ல நாப்பது அறை. முப்பத்தெட்டு பூட்டிக் கெடக்கு. அதுல இருக்க வவ்வாலுக்குப் பட்டா இருக்கு. எங்களுக்கு இல்லை!”

கூட்டம் சிரிக்கும். பெரிய வீடுகளில் வேலை செய்கிறவர்கள்கூடத் தள்ளி நின்று கேட்டார்கள். குடையைச் சுவரில் வரைந்தது நான். எனக்கு எழுத்து தெரியாது, ஆனால் குடை வரைய எழுத்து எதற்கு? காவியைக் கரைத்துக்கொண்டு, மட்டையை நசுக்கித் தூரிகை செய்து, பதினெட்டுக் குடிசைச் சுவரிலும் பாயின் கடையிலும் வரைந்தேன். முதலில் வரைந்தது காளான் மாதிரி இருந்தது. போகப் போக நன்றாக வந்துவிட்டது.

இதற்கெல்லாம் முன்னால் நடந்த ஒன்றை இப்போது சொல்ல வேண்டும். அண்ணன் நிற்பது முடிவாகாத நேரத்தில் அந்த முதலாளி வீட்டுக் கணக்கப்பிள்ளை என்னிடம் வந்து, வரப்போகிற இன்ன தேதிக்கு வண்டி வேண்டும் என்று வெற்றிலை பாக்கில் அச்சாரம் வைத்துக் கொடுத்தார்.

“எம்புட்டுத் தூரம்ணே?”

“உள்ளூர்தான். மூணு நாலு நடை இருக்கும். ஆச்சிமாருக வருவாக, ஜமுக்காளம் நாங்களே தந்துர்றோம்.”

வாங்கி மடியில் கட்டிக்கொண்டேன். அது ஓட்டுப் போடுகிற நாள் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. பெரிய வீட்டு வயதான ஆச்சிகள் பகலில் தெருவில் நடந்து போக மாட்டார்கள். வீட்டில் கார் இருந்தது. ஏறினால் தலை சுற்றும் என்று அவர்கள் அதில் ஏறுவதும் இல்லை. கூண்டு வண்டி போனால்தான் ஓட்டுச்சாவடிக்கு வருவார்கள்.

விஷயம் தெரிந்ததும் வெற்றிலையையும் காசையும் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுக்கப் போனேன். கணக்கப்பிள்ளை கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். “குடுத்த வெத்தலையைத் திரும்ப வாங்குனா வீட்டுக்கு ஆகாதுப்பா. உங்கண்ணன் நிக்கறாருன்னா நிக்கட்டும். வண்டியா ஓட்டுப் போடுது?” என்றார்.

அண்ணனிடம் சொன்னேன். அவர் ஒரு பீடியைப் பற்றவைத்து யோசித்தார். “அவரு சொல்றதுஞ் சரிதான். வாங்குனது வாங்குனதுதான். போயிட்டு வா. நாளைக்கு ஜெயிச்சா, தம்பி வாக்குத் தப்புனவன்னு ஒருத்தன் சொல்லிறக் கூடாது,” என்றார்.

பாய் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. என்னைத் தனியாக அழைத்து, “காலையில கடையாணியை உருவி ஊருணியில வீசிருங்கண்ணே. சக்கரம் கழண்டு போச்சு, என்ன பண்றதுன்னு உக்காந்துருங்க. எந்தக் கோர்ட்டு கேக்கப்போகுது?” என்றார். நான் சிரித்துவிட்டு வந்தேன். பிறகு பல நாள் படுக்கையில் கிடந்து மனசுக்குள் அந்தக் கடையாணியை நான் உருவியிருக்கிறேன். அன்றைக்கு உருவவில்லை.

தேர்தலன்று வைக்கோலைப் பரப்பி அதன்மேல் அவர்கள் கொடுத்த சிவப்பு ஜமுக்காளத்தை விரித்தேன். முதல் நடையில் நாலு பேர், இரண்டாவது நடையில் நாலு பேர். ஓட்டுச்சாவடி ஒரு பள்ளிக்கூடம். இரண்டு நடைக்கும் நடுவில் நானும் வரிசையில் நின்று குடையில் குத்திவிட்டு வந்தேன்.

மூன்றாவது நடைக்குப் போகும்போது ஊருணிக் கரை வழியாகத்தான் போனேன். ஆத்தா பூவரசின் அடியில் புதுச்சேலை கட்டி, தலைக்கு எண்ணெய் வைத்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கையை ஊன்றி எழப் பார்த்தாள். வண்டிக்குள் ஜமுக்காளத்தைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“அது அவுக விரிப்புல்ல? அதுல நான் ஏறலை. அண்ணன் வரேன்னுருக்கான், நீ போ.”

நான் போனேன். மூன்றாவது நடையில் அந்த வீட்டுப் பெரிய ஆச்சி வந்தார். கூட இன்னும் மூன்று ஆச்சிகள். பெரிய ஆச்சி எதில் குத்தச் சொல்கிறாரோ அதில்தான் மற்றவர்கள் குத்துவார்கள். கணக்கப்பிள்ளை முன்னால் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார். “தராசு, ஆச்சி. ரெண்டு தட்டு தொங்கும் பாருங்க, அது,” என்று வாசலிலிருந்து சொல்லிக்கொண்டே வந்தார்.

பள்ளிக்கூடத் தெரு திரும்பினோம். முன்னால் ரோட்டில் அண்ணன் போய்க்கொண்டிருந்தார். முதுகில் ஆத்தா. மூட்டை தூக்குகிற மாதிரியே குனிந்து, அவள் இரண்டு காலையும் முன்னால் பிடித்துக்கொண்டு நடந்தார். பின்னால் பிள்ளைகள், “மூட்டை வருது டோய், மூட்டை வருது!” என்று கத்திக்கொண்டு ஓடின. ஆத்தா அண்ணன் தோள்மேல் முகத்தை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

பெரிய ஆச்சி கூண்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார்.

“யாருப்பா அது, ஆத்தாளைத் தூக்கிட்டுப் போறது?”

“எங்கண்ணன், ஆச்சி. அது எங்காத்தா.”

“இந்த வேகாத வெயில்ல! நிறுத்து வண்டியை. ஏத்திக்கோ அந்த மனுசியை.”

நிறுத்தினேன். ஆச்சியே குரல் கொடுத்தார். அண்ணன் திரும்பிப் பார்த்து, முகத்தில் வேர்வை வழிய, “நீங்க போங்க ஆச்சி. எடுத்த சுமையை நடுவழியில இறக்குனா எனக்குக் கூலி கிடையாது,” என்றார். ஆச்சி சிரித்துவிட்டார். வண்டி அவர்களைக் கடந்தது. ஆச்சி பின்பக்கம் திரும்பி அவர்களையே பார்த்தார். பிறகு கேட்டார்:

“அந்தப் பிள்ளைதான் நம்மளை எதுத்து நிக்கிறதா? அதுக்கு என்னப்பா அடையாளம்?”

கணக்கப்பிள்ளை அவசரமாக, “நம்ம அடையாளம் தராசு, ஆச்சி,” என்றார்.

“அதைத்தான் நீ விடிஞ்சதுலேருந்து சொல்லிக்கிட்டு வாரியே. நான் கேட்டது இவனை. சொல்லுப்பா. நான் கண்ணாடியும் எடுத்துட்டு வரலை. என்ன படம் போட்டிருக்கும் அதுக்கு?”

கணக்கப்பிள்ளை என்னைப் பார்த்தார். மிரட்டவில்லை. சும்மா பார்த்தார். அவர் வைத்த அச்சாரம் என் மடியில் இருந்தது. அவர்கள் வண்டியாக ஓடுகிற நாளில் அவர்களுக்கு எதிராக ஒரு சொல் சொல்லலாமா என்று நினைத்தேன். நாளைக்கு இந்த வீட்டுச் சவாரி போய்விடுமே என்றும் நினைத்தேன். எது முதலில் வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. மாட்டின் வாலைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்:

“தெரியலை ஆச்சி.”

“தெரியலையா? கூடப்பொறந்தவனுக்கு என்ன அடையாளம்னு உனக்குத் தெரியாதா?”

நான் மாட்டைத் தட்டினேன். என் கை நகத்துக்குள் காவி அப்பியிருந்தது. பள்ளிக்கூடம் வந்துவிட்டது. கணக்கப்பிள்ளை நாலு பேரையும் வாசல்வரை கூட்டிக்கொண்டு போனார்.

எண்ணி முடித்தபோது அண்ணன் ஐந்து ஓட்டில் தோற்றிருந்தார்.

அன்று சாயங்காலம் டீக்கடையில் பாய் விரலை மடக்கினார். “மூணு நடை. நடைக்கு நாலு பேரு…” என்று தொடங்கி, என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டு டம்ளர் கழுவப் போனார். கரையில் எல்லாருக்கும் அந்தக் கணக்குத் தெரிந்துவிட்டது. தம்பி வண்டியில் வந்த ஓட்டு அண்ணனைத் தோற்கடித்துவிட்டது என்று முகத்துக்கு நேரேயே சொன்னார்கள். அவர்கள் சொன்னது சின்னக் குற்றம். நான் தனியாகப் புளியங்கொட்டைகளை வைத்துப் பார்த்தேன். அந்த நாலு பேர் குடையில் குத்தியிருந்தால் அங்கே நாலு குறையும், இங்கே நாலு கூடும். கடைசி நடை ஒன்றே போதும். வேண்டிய அளவுக்கு மேலேயே போதும்.

அண்ணன் என்னை எதுவும் கேட்கவில்லை. “அஞ்சுதானடா. அடுத்த தடவை ஆத்தாளை அஞ்சு தரம் தூக்கிட்டுப் போறேன்,” என்று சிரித்தார். அடுத்த தேர்தல் வரவே இல்லை. எழுபதுகள் தொடங்கிக் கொஞ்ச காலத்தில் காலனி கட்டி முடித்து, நகராட்சி ஆட்கள் கடப்பாரையோடு வந்தார்கள். சாமானையெல்லாம் என் வண்டியில்தான் ஏற்றினோம். பதினெட்டு வீட்டுச் சாமானும் இரண்டு நாளில் போய்விட்டது. ஆத்தாவை ஏற்றியது கடைசி நடையில். அண்ணன் தூக்கி வைத்தார். காலனி வருகிறவரை கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். கண் திறந்தபோது, “சுடுகாடு இம்புட்டு வெளிச்சமாவா இருக்கும்?” என்று கேட்டாள். விளையாட்டுக்குக் கேட்டாளா, நினைவு தப்பிக் கேட்டாளா, தெரியாது.

அறை பத்துக்குப் பத்து. மேலே சிமெண்டுத் தகடு. மழை ஒழுகவில்லை; முதலாளி சொன்ன சொல் தப்பவில்லை. வெயிலில்தான் உள்ளே இருக்க முடியாது. மதினி இருட்டோடு எழுந்து மூன்று மைல் நடந்தும் நேரத்துக்குப் போக முடியாமல் இரண்டு வீட்டு வேலை போயிற்று. மர நிழல் கிடையாது, ஆத்தாவை வெளியே எங்கேயும் உட்கார்த்த முடியாது. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அந்த மழைக்காலம் வருவதற்குள் போய்விட்டாள்.

நான் காலனியில் இல்லை. மாட்டைக் கட்ட இடமில்லை என்று சொல்லி, ஊருக்குள் ஒரு மரக்கடைக் கொட்டகையில் இருந்துகொண்டேன். அண்ணன் முகத்தைத் தினம் பார்க்க முடியாததுதான் காரணம்.

ஏழெட்டு வருஷம் கழித்து அண்ணனுக்கு நெஞ்சில் சளி கட்டி, மூச்சு விட முடியாமல் போயிற்று. மதினி ஆள் அனுப்பினார். வைக்கோல் பரப்பி அவரைப் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். மதினி முன்னாலேயே பஸ்ஸில் போய்விட்டார். வண்டியில் நாங்கள் இரண்டு பேர்தான். பழைய மாடுகள் போய் வேறு மாடுகள். பாதி தூரம் வந்ததும் திரும்பிப் பார்க்காமலே சொன்னேன்:

“அண்ணே, அன்னைக்கு வண்டியில பெரிய ஆச்சி என்னைய ஒண்ணு கேட்டாக.”

“அடையாளம் என்னன்னு கேட்டாக. நீ தெரியலைன்னே,” என்றார் அண்ணன்.

என் கையிலிருந்து கயிறு நழுவிவிட்டது. “யாரு சொன்னா உங்களுக்கு?”

“அவுகளேதான். எண்ணி முடிச்ச மறுநாள் கூப்பிட்டுவிட்டாக. ‘உன் தம்பி சொல்லியிருந்தா நாங்க நாலு பேரும் உனக்குத்தாம்ப்பா’ன்னாக. நல்ல மனுசி.”

“அப்ப இருந்தே தெரியுமா? ஏண்ணே என்னைய ஒரு வார்த்தை கேக்காம இருந்தீக?”

நிறைய நேரம் இருமினார். “கேட்டா ஆத்தா காதுல விழும்டா. ஒத்தைச் சுவரு. அவளுக்கு ரெண்டு பிள்ளைக.”

“ஆத்தா போன பெறகு?”

“போன பெறகு கேட்டு? குடிசையா வரப்போகுது? மாடு நிக்குது பாரு, ஓட்டு.”

ஓட்டினேன். வேறொன்றும் பேசவில்லை. பேசியிருக்கலாம். காலில் விழுந்திருக்கலாம். வண்டியை நிறுத்தினால் ஆஸ்பத்திரிக்கு நேரமாகிவிடும் என்று ஒரு சாக்கு இருந்தது.

நாலாம் நாள் காலையில் அண்ணன் போய்விட்டார். ஆஸ்பத்திரி வாசலில் அவரை என் வண்டியில் ஏற்றினார்கள். மதினி கூண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அழுது முடிந்த குரலில் என்னைக் கேட்டார்:

“எங்குட்டுத் தம்பி கொண்டுபோறது?”

வண்டியில் ஏறுகிறவர்கள் என்னிடம் அதைக் கேட்டதே இல்லை. நானும் யாரிடமும் கேட்டதில்லை. அண்ணன் பிறந்த இடத்தில் கம்பிவேலி போட்டிருந்தார்கள். காலனியை அவர் கடைசிவரை ‘வீடு’ என்று சொல்லவில்லை, ‘அங்கே’ என்றுதான் சொல்வார். மதினி இன்னொரு தரம் கேட்டார். நான் மாட்டைத் திருப்பினேன்.

ஊருணிக் கரையை வேலியோரமாக ஒரு சுற்றுச் சுற்றினேன். பூவரசு நின்றது. அதை வெட்டாமல் விட்டிருந்தார்கள். அங்கே மாடு தானாக நின்றது என்று சொன்னால் நன்றாக இருக்கும். நிற்கவில்லை, அவை புது மாடுகள். நான்தான் கயிற்றை இழுத்து நிறுத்தினேன். கொஞ்ச நேரம் இருந்தோம். பிறகு காலனிக்கு மூன்று மைல் ஓட்டிக்கொண்டு போனேன், குலுங்காமல்.